போட்டோ எடிட்டிங் கற்க எதில் தொடங்கலாம்? கேள்விகளும் பதில்களும்

ஆல்பம் வேலைக்கு நடுவில் எழுதுகிறேன், பதில் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: "எது பெஸ்ட்?" என்று மொட்டையாகக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. படம் கடைசியில் எங்கே போகப்போகிறது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கா, பிரேம் போட்டு மாட்டவா, கல்யாண ஆல்பத்துக்கா, அதைச் சொல்லிக் கேளுங்கள்.

அண்ணா, என்னிடம் போன் மட்டும்தான். பிள்ளைகள் படம்தான் அதிகம் எடுப்பேன். எந்த ஆப் போடலாம்?

ஸ்னாப்சீட். இலவசம், படத்தின் ஓரத்தில் தன் பெயரைக் குத்தாது. நிக் என்ற நிறுவனம் 2011-ல் ஐபேடுக்காகச் செய்தது, அடுத்த வருடமே கூகுள் வாங்கிக்கொண்டது. அதில் செலக்டிவ் என்ற ஒரு கருவியை மட்டும் ஒரு வாரம் பழகுங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த பிள்ளையின் முகம் இருட்டாக விழுந்திருக்கும் இல்லையா, அங்கே முழுப் படத்துக்கும் வெளிச்சம் ஏற்றினால் ஜன்னல் வெளுத்துப்போகும். அதற்குப் பதில் கன்னத்தில் ஒரு புள்ளி வைத்து, இரண்டு விரலால் வட்டத்தை முகத்தளவுக்குச் சுருக்கி, அப்புறம் ஒரு விரலை வலப்பக்கம் மெல்ல இழுங்கள். 25-க்கு மேல் போனால் பவுடர் அப்பிய முகம் மாதிரி ஆகிவிடும்.

பிகாசா இன்னும் கிடைக்குமா சார்?

2016-லேயே கூகுள் அந்தப் போட்டோ மென்பொருளைக் கைவிட்டுவிட்டது. எனக்கும் வருத்தம்தான். பழைய பதிப்பைத் தேடி ஏதாவது தளத்திலிருந்து இறக்காதீர்கள்.

கல்லூரியில் படிக்கிறேன். 4 ஜிபி ராம் லேப்டாப். நண்பன் கிராக் (திருட்டுப் பதிப்பு) போட்டோஷாப் தருகிறேன் என்கிறான், போடலாமா?

வேண்டாம் தம்பி. ஒரு முறை நானும் அந்த வேலையைச் செய்தேன், ஒரு வாரத்தில் இரண்டு கல்யாணத்துப் படங்கள் திறக்க முடியாமல் பூட்டிக்கொண்டன. பேக்கப் இருந்ததால் தப்பித்தேன். அதோடு இப்போதைய போட்டோஷாப்புக்குக் குறைந்தது 8 ஜிபி வேண்டும், உங்கள் லேப்டாப் மூச்சு வாங்கும். போட்டோபீ என்று பிரவுசரிலேயே ஓடும் ஒன்று இருக்கிறது. விளம்பரம் வரும், காசு கிடையாது. மெனு, ஷார்ட்கட் எல்லாம் கிட்டத்தட்ட போட்டோஷாப் மாதிரியே இருக்கும், போட்டோஷாப்பின் சொந்தக் கோப்பான பிஎஸ்டியும் திறக்கும். படம் உங்கள் கணினியை விட்டு வெளியே போவதும் இல்லை. இதில் லேயரும் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படலம்) மாஸ்க்கும் (படலத்தில் வேண்டாத பகுதியை மறைப்பது) பழகிவிட்டால் நாளைக்கு ஸ்டுடியோவில் போட்டோஷாப் முன்னால் உட்காரும்போது திணற மாட்டீர்கள்.

ஆல்பம் வேலை என்றால் மட்டும் கதை வேறு. 12×36 அங்குலத் தாள் ஒன்று 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 3600×10800 பிக்சல். ஒரு லேயரே 110 எம்பிக்கு மேல், அதில் பத்துப் பதினைந்து லேயர் ஏற்றிப் பாருங்கள். அதற்கு நல்ல மெஷின் வேண்டும், பிரவுசர் தாங்காது.

ஜிம்ப் என்ற இலவச எடிட்டர் போட்டேன். சேவ் செய்தால் படம் போனில் திறக்கவே இல்லை. இலவசம் என்றால் இப்படித்தானா?

அது குறை இல்லை, வழக்கம் தெரியாததுதான். ஜிம்ப்பில் 'சேவ்' கொடுத்தால் அதன் சொந்த எக்ஸ்சிஎஃப் கோப்பாகத்தான் விழும், லேயரெல்லாம் அப்படியே இருக்கும். போனில் பார்க்க 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஜேபெக் ஆக்குங்கள். முன்பெல்லாம் எனக்கு அதன் மேல் ஒரு கோபம் இருந்தது: கர்வ்ஸ் (வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் மாற்றும் கருவி) போட்டுவிட்டால் அப்புறம் திரும்பிப்போய் அந்த அளவை மாற்ற வழியில்லை, அன்டூ மட்டும்தான். 2025 மார்ச்சில் வந்த 3.0-வில் அது சரியாகிவிட்டது. பழைய பதிப்பு வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

அஃபினிட்டி இலவசமாமே, உண்மையா?

உண்மை. இந்த எடிட்டிங் மென்பொருளைக் கான்வா நிறுவனம் 2024-ல் வாங்கி, 2025 அக்டோபர் கடைசியில் இலவசமாக்கியது. கான்வா கணக்கு வேண்டும், ஏஐ வசதிகளுக்குக் காசு. விண்டோஸ் அல்லது மேக் வைத்திருந்து, போட்டோஷாப்புக்காக மாதாமாதம் அடோபிக்குச் சந்தா கட்ட மனமில்லாதவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

புது கேமரா வாங்கி ரா-வில் எடுத்தேன், படம் எல்லாம் சோகை பிடித்த மாதிரி இருக்கிறது. லைட்ரூம் வாங்க வேண்டுமா?

கொஞ்சம் பொறுங்கள். ஜேபெக் என்றால் நிறம், கான்ட்ராஸ்ட், கூர்மை எல்லாம் கேமராவே போட்டுச் சமைத்துத் தருகிறது. ரா என்பது அரிசி பருப்பாகவே கையில் கொடுப்பது. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள், 14 பிட் ரா-வில் 16,384. அதனால்தான் கோயில் கோபுரத்துக்குப் பின்னால் வெளுத்த வானத்தைக்கூட ரா-வில் ஓரளவு மீட்க முடிகிறது. கேமரா கம்பெனியே இதற்கு இலவச மென்பொருள் தருகிறது, யாரும் அதைச் சொல்வதில்லை: கேனனுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். கேமரா திரையில் பார்த்த அதே நிறம் அதில் வரும். வேகம் குறைவு, சரி, ஆனால் நீங்கள் ஒரு நாளைக்கு ஆயிரம் படம் எடிட் செய்யப்போவதில்லையே. ஆறு மாதம் கழித்தும் போதவில்லை என்றால் லைட்ரூம். காசு கட்ட விருப்பமில்லை என்றால் டார்க்டேபிள், ஆனால் அது முதல் நாளே மிரட்டும்.

போட்டோஷாப்பில் "கோயில்" என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஓடுகிறது!

கொஞ்சம் பழைய பதிப்பு என்றால் பிரிஃபரன்சஸ் போய், டைப் பகுதியில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' தேர்ந்தெடுங்கள். அதைவிடப் பழைய பதிப்பில் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்று இருக்கும். அப்புறம் மூடித் திறந்து புதிய கோப்பில் அடித்துப் பாருங்கள். எழுத்துரு யூனிகோடாக இருக்கட்டும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்ததை வேறு இடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தாகக் கொட்டும். ஜிம்ப்பில் இந்தத் தொல்லையே இல்லை.

தம்பி, என் அம்மாவின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான் இருக்கிறது, கறை படிந்துவிட்டது. ஏஐ ஆப்பில் போட்டால் புதிதாகிவிடும் என்கிறார்கள்.

அக்கா, போட்டுப் பாருங்கள், ஆனால் அதையே பிரிண்ட் போடாதீர்கள். சின்னப் படத்தில் முகத்துக்குப் போதுமான விவரம் இருக்காது. இல்லாததை அந்த ஆப் தானாக இட்டுக்கட்டும். இப்படித்தான் ஒரு பாட்டி படத்தை நான் ஆப்பில் ஏற்றிக் கொடுத்தேன். அவர் மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்காங்க, ஆனா யாருப்பா இது?" என்றார். மூக்குத்தி வெறும் மச்சமாகிப் போயிருந்தது, கண்ணும் மாறியிருந்தது. மறுபடி அசலிலிருந்து தொடங்கி, ஜிம்ப்பின் ஹீல் கருவியில் கறையை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்தேன். இரண்டு இரவு ஆயிற்று.

600 டிபிஐயில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், 4×6 படம் 8×12 வரை தாங்கும். படம் பிரேம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்கவே பிய்க்காதீர்கள், மேல்தோல் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேனரில் வைக்கலாம்.