முழங்கால் வலியும் நடக்கும் அச்சமும்

கேள்வி: எனக்கு வயது 58. மாதவிலக்கு நின்று 7 ஆண்டுகள் ஆகின்றன. முழங்கால் வலிக்காக எக்ஸ்ரே எடுத்தபோது, மூட்டுத் தேய்மானம் மூன்றாம் நிலையில் இருப்பதாகச் சொன்னார்கள். அன்று முதல், கால் மடங்கி விழுந்துவிடுவேனோ என்ற அச்சம் என்னை விடவில்லை. பேருந்துப் படியில் கால் வைக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது. இரவில் தூக்கமும் இல்லை. கோர் த கார்த் மலைக்கோயிலுக்குப் போய் ஓராண்டு ஆகிறது. "நடந்தால் இன்னும் தேயும், உட்காருங்கம்மா" என்கிறாள் மகள். நான் நடக்கலாமா, கூடாதா?
- ஒரு வாசகி, கத்ர் போர்ன், மொரீஷியஸ்

பதில்: நடக்கலாம், அம்மா, நடக்கத்தான் வேண்டும். எக்ஸ்ரே படத்தை 0 முதல் 4 வரை நிலை பிரிக்கும் முறையைக் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் 1957இல் வகுத்தார்கள். அது எலும்பின் தோற்றத்தை அளக்கிறதே தவிர, உங்கள் வலியையோ நடக்கும் ஆற்றலையோ அளப்பதில்லை. மூன்றாம் நிலையிலும் சந்தைக்குப் போய் வருபவர்கள் உண்டு. முதல் நிலையிலேயே வலியால் தவிப்பவர்களும் உண்டு.

உங்கள் மகள் அன்பினால் சொல்கிறார், ஆனால் அது சரியன்று. மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு வண்டிச் சக்கரம்போல் ஓட ஓடத் தேய்ந்து தீர்வதில்லை. அதற்கென்று இரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டு அசையும்போது மூட்டுநீர் வழியாகத்தான் அதற்கு ஊட்டம் சேர்கிறது. அச்சத்தால் உட்கார்ந்தே இருந்தால் முழங்காலைத் தாங்கும் தொடைத்தசை மெலிந்து, நீங்கள் அஞ்சிய அதே தடுமாற்றம் உண்மையாகவே வந்து சேரும். நான் பார்க்கப் போன ஒரு வீட்டில், சமையலறையிலிருந்து குளியலறை வரை இடுப்பு உயரத்தில் சுவரின் வெள்ளை முழுவதும் கைபட்டுக் கறுத்திருந்தது. அந்த அம்மையாரின் கால்களில் அப்போதும் வலு இருந்தது. சுவரை விடத்தான் மனம் வரவில்லை.

மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதற்கும் மூட்டு வலியில் பங்கு இருக்கக்கூடும். தூக்கக் குறைவும், தசை மெலிவும், எடை கூடுவதும் இந்த வயதில் ஒன்றாக வந்து சேர்வதால், இரவில் தூங்காதவருக்கு மறுநாள் அதே வலி கூடுதலாக உறைக்கிறது. ஆயினும் படபடப்பு முழுவதையும் அச்சத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். தைராய்டு கோளாறும் இரத்தசோகையும் இதயத்துடிப்புக் கோளாறும் இவ்வாறே படபடக்க வைக்கும் என்பதால், முதலில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அவற்றில் குறை இல்லாமல் மனப்பதற்றம் நீடித்தால், அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மனநல ஆலோசனையும் முழங்காலுக்கான சிகிச்சையில் சேர்ந்ததே. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணம் இல்லை. இயன்முறைச் சிகிச்சைக்கும் அங்கேயே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டில் இன்றே தொடங்கலாம். உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைப்பிடியை ஊன்றாமல் மெல்ல எழுந்து மெல்ல அமருங்கள். முடியாவிட்டால் ஊன்றிக்கொண்டே செய்யுங்கள். முதல் வாரம் ஐந்து முறை போதும். அப்போது சிறிது வலிப்பதில் தவறில்லை. மறுநாளும் வலி கூடுதலாக இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது வலிக்கும் கால் முன்னே போகட்டும். பேருந்துப் படியிலும் இதுவே முறை. கைப்பிடியைப் பற்றியபின் காலைத் தூக்குங்கள். வார இறுதியில் மகளையும் அழைத்துக்கொண்டு பிளிக் ஆன் பிளாக் கடற்கரைக்குப் போங்கள். பவளத்திட்டுக்கு உட்புறம் அலை அடங்கிய நீரில் இடுப்பளவு ஆழத்தில் நடந்தால், உடல் எடையில் ஏறக்குறைய பாதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். கடல் முள்ளெலிகள் குத்தக்கூடும், ஆகவே காலணி அவசியம்.

முழங்கால் திடீரென்று சிவந்து சூடாக வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, காலை ஊன்றவே முடியாமல் போனாலோ பயிற்சியை நிறுத்தி அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வலது முழங்கால் வலிக்கிறது. கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது?
- ஒரு வாசகி, ரோஸ் ஹில்

பதில்: இடது கையில். வலது கால் முன்னே போகும்போது தடியும் உடன் போக வேண்டும். காலணி அணிந்து நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்கட்டும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்துவிட்டால் உடனே மாற்றிவிடுங்கள், அம்மா. ஈரத் தரையில் அதுதான் வழுக்கும்.