பவர் குவரில பிவட், அன்பிவட்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன். (பவர் குவரி, எக்செல்லயும் பவர் பிஐலயும் டேட்டாவ சீர்படுத்துற டூல். காலம்னா மேலிருந்து கீழ போற பத்தி, ரோனா குறுக்கு வரிசை. பிவட் ரோவ காலமா மாத்தும், அன்பிவட் காலத்த ரோவா மாத்தும்.)

கேள்வி: தேதி, பொருள், தொகைனு மூணு காலம்ஸ். பொருளை பிவட் பண்ணி டோன்ட் அக்ரிகேட் (கூட்டாதே) குடுத்தா சில செல்ல மட்டும் எரர், ஏன்?

பதில்: பிவட்ல நீங்க கைல எடுக்குறது ரெண்டு காலம்தான், ஒண்ணு தலைப்பா மாறும், இன்னொண்ணு உள்ள போய் உக்காரும். மிச்சம் இருக்குற எல்லா காலமும் சேர்ந்துதான் ஒரு ரோவோட அடையாளம், உங்களுக்கு மிச்சம் தேதி மட்டும். ஒரே தேதில பேனா ரெண்டு தடவ வந்திருந்தா ஒரு செல்லுக்கு ரெண்டு தொகை வந்து நிக்குது, கூட்டாதேனு நீங்களே சொல்லிட்டீங்க, அது பாவம் என்ன பண்ணும், டூ மெனி எலிமென்ட்ஸ்னு கத்துது. கூட்டினா போதும்னா சம் வைங்க. ரெண்டும் தனியா வேணும்னா தேதி, பொருள் வெச்சு குரூப் பை, அதுல ஆல் ரோஸ் எடுத்து ஒவ்வொரு குட்டி டேபிளுக்குள்ளயும் டேபிள்.ஆட்இன்டெக்ஸ்காலம் போட்டு 1, 2னு நம்பர் குடுங்க, எக்ஸ்பாண்ட் பண்ணுங்க, அப்புறம் பிவட். மொத்த டேபிளுக்கும் ஒரே இன்டெக்ஸ் போட்றாதீங்க, எரர் போயிடும் ஆனா எந்த ரோவும் எதோடயும் சேராது.

கேள்வி: பிவட் பண்ணா எனக்கு ஒரு ரோல ஒரு வேல்யூதான் இருக்கு, மீதி நல்லா வருது.

பதில்: நல்லா எங்க வருது, நல்-ஆ (காலி செல்லா) வருது :) பில் நம்பர் மாதிரி ரோவுக்கு ரோ மாறுற ஏதோ காலம் உள்ள இருக்கும், அதனால ரோ எதுவும் சேரல. பிவட்டுக்கு முன்னாடி தூக்குங்க.

கேள்வி: மாசத்துக்கு ஒரு காலம் கூடிட்டே போற எக்செல் ஷீட். அன்பிவட் பண்ணா சில ரோ காணோம்.

பதில்: மாறாத காலம்ஸ செலக்ட் பண்ணி அன்பிவட் அதர் காலம்ஸ் குடுங்க, புது மாசம் தானா வந்துடும். முன்னாடி அதுவா போட்டுக்குற சேஞ்ச்ட் டைப் ஸ்டெப்ப அழிச்சிடுங்க, அதுக்குள்ள காலம் பேரெல்லாம் எழுதி வெச்சிருக்கும், நாளைக்கு ஒரு பேர் மாறினா ரிஃப்ரெஷ் படுத்துக்கும். காணாம போனது நல் இருந்த ரோ, அன்பிவட் அத விட்டுடும். வேணும்னா முன்னாடியே டேட்டால வரவே வராத ஒரு நம்பரா மாத்தி, அப்புறம் திரும்ப நல் ஆக்குங்க. 0 போட்டா சராசரி கெட்டுடும்.

கேள்வி: டேப்லோ டெஸ்க்டாப்ல (டேட்டாவ சார்ட்டா காட்டுற இன்னொரு டூல்) பிவட்னா காலம்ஸ் ரோவா மாறுது. தலைகீழா சொல்றீங்களே?

பதில்: தலைகீழா பேர் வெச்சது நான் இல்லங்க. மைக்ரோசாஃப்டோட டேட்டாபேஸ் எஸ்க்யூஎல் சர்வர் 2005லயே பிவட்னா ரோ காலம் ஆகுறது, அன்பிவட் அதுக்கு எதிர்.

கேள்வி: டேப்லோகாரன் நான், திருப்புறது எல்லாமே பிவட்தான், அன்பிவட்னு ஒரு வார்த்தையே அசிங்கம்.

பதில்: அப்போ பைத்தானோட டேட்டா லைப்ரரி பாண்டாஸ்ல இதையே மெல்ட்னு உருக்குறாங்களே, அது அழகா? ஆர்னு ஒரு ப்ரோக்ராமிங் மொழி, அந்த ஆளுங்கதான் புத்திசாலிங்க, 2019ல அதோட டைடிஆர் பேக்கேஜ் 1.0ல பிவட்_லாங்கர், பிவட்_வைடர்னு வெச்சுட்டாங்க, நீளமாகுதா அகலமாகுதானு பேர்லயே இருக்கு. இத நான் ஒத்துக்குறேன், மத்தத ஒத்துக்க மாட்டேன்.

கேள்வி: டூ மெனி எலிமென்ட்ஸ் எரர் வருது, ஹெல்ப்.

பதில்: முதல் பதில்.

கேள்வி: எனக்கும் அதே எரர், ஆனா என் டேட்டா வேற.

பதில்: டேட்டா வேற, காரணம் அதேதான். முதல் பதில்.

கேள்வி: பிவட் பண்ணதுக்கு டாக்ஸ் (DAX) மெஷர், அதான் பவர் பிஐல கணக்கு போடுற ஃபார்முலா, எழுதி தர முடியுமா?

பதில்: மாசத்துக்கு ஒரு காலம் இருந்தா மாசத்துக்கு ஒரு மெஷர் எழுதணும். டேட்டா நீளமாவே இருக்கட்டும், அகலமா காட்டணும்னா பவர் பிஐ ரிப்போர்ட்ல இருக்குற மேட்ரிக்ஸ் விஷுவல்ல காலம்ஸ் இடத்துல மாசத்த போடுங்க.

கேள்வி: மேட்ரிக்ஸ்ல போடுறதுக்கு முன்னாடி பிவட் பண்ணனுமா?

பதில்: வேணாம்.