தமிழில் பேசும் சாட்பாட்டுக்கு ஏன் இத்தனை டோக்கன்?

கேள்வி: தஞ்சாவூர் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்குச் சாட்பாட் ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன். விவசாயிகள் வாட்ஸ்அப்பில் தமிழில் கேட்பார்கள், அது தமிழிலேயே பதில் சொல்லும். ஆங்கிலத்தில் சோதித்தபோது ஆனதைவிட இப்போது நான்கு மடங்குக்கும் மேல் பில் வருகிறது. பதில்கள் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகின்றன. சில நேரம் எழுத்து வரவேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி தெரிகிறது. கேள்வியை ஆங்கிலத்துக்கு மாற்றிக் கேட்டு, பதிலை மறுபடி தமிழாக்கிக் கொடுத்தால் மிச்சமாகும் என்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அதற்கு முன் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றைச் செய்தாலே உங்களுக்கு அந்த யோசனை தேவைப்படாமல் போகும் என்று நினைக்கிறேன். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

உங்கள் சாட்பாட்டுக்குள் பதில் எழுதும் மொழி மாடல் எழுத்தையோ சொல்லையோ அப்படியே படிப்பதில்லை. டோக்கனைசர் என்ற ஒரு பகுதி, வரும் உரையை முதலில் துண்டு போடுகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு டோக்கன். உங்கள் பில்லும் டோக்கன் கணக்கில்தான் வருகிறது, பதிலின் நீள வரம்பும் அதே கணக்கில்தான்.

‘தமிழ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் அது ஐந்து குறியீடு: த, ம, இகரக் குறி, ழ, மேலே வைக்கும் புள்ளி. இணையத்தில் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், அதாவது கணினி சேமிக்கும் மூன்று சிறு அலகு. ஆக மொத்தம் 15 பைட். இதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் ஐந்தெழுத்து, 5 பைட்டோடு முடிந்துவிடும்.

இதைப் பார்த்ததும் பலர் யூனிகோடைத் திட்டத் தொடங்கிவிடுகிறார்கள். 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து அறிவித்த டேஸ்-16 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரே குறியீடு உண்டு, அதை எடுத்திருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது என்றும் சொல்கிறார்கள். டேஸ்-16 நல்ல யோசனைதான். ஆனால் இந்தக் கோளாறுக்குப் பெரிய காரணம் வேறு.

பைட்டுகளிலிருந்து டோக்கன் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். ஒரு பெரிய உரைக்குவியலை எடுத்து, அதில் அடிக்கடி அடுத்தடுத்து வரும் இரண்டு துண்டுகளை ஒட்டி ஒரே துண்டாக்குவார்கள். பிறகு அடுத்த இணை, அதற்கடுத்த இணை. டோக்கன் பட்டியல் நிரம்பும்வரை இப்படியே போகும். 1994-ல் ஃபிலிப் கேஜ் என்பவர் கோப்புகளைச் சுருக்குவதற்காக எழுதிய வழி இது. 2016 வாக்கில் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை இயந்திர மொழிபெயர்ப்புக்குக் கொண்டு வந்தார்கள், அங்கிருந்து பெரும்பாலான மாடல்களுக்கும் பரவியது. பட்டியலில் இடம் குறைவு. குவியலில் ஆங்கிலம் நிறைய இருந்தால் ஆங்கிலச் சொற்கள் முழுசாக இடம்பிடித்துவிடும். குறைவாக வந்த மொழியின் சொற்கள் எழுத்தாகவும், எழுத்துக்கும் கீழே பைட்டாகவும் சிதறும். 2023-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒரே கருத்தைப் பல மொழிகளில் எழுதி எண்ணிப் பார்த்தார்கள். சில மொழிகளுக்கிடையே 15 மடங்குவரை வித்தியாசம் இருந்தது.

குறை பட்டியலில்தான் என்பதற்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது. 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-4ஓ மாடலை வெளியிட்டபோது புது டோக்கனைசரையும் கொண்டுவந்தது. பட்டியல் சுமார் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாக வளர்ந்தது. ஒரே அறிமுகச் செய்தியைப் பல மொழிகளில் எண்ணி வெளியிட்டார்கள். தமிழில் 116 டோக்கனாக இருந்தது 35 ஆனது, ஆங்கிலத்தில் 27 இருந்தது 24 ஆனது. மொழி அதேதான், யூனிகோடும் அதேதான். ஆங்கிலத்தைவிட 4.3 மடங்காக இருந்த தமிழ்ச் செலவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காக இறங்கிவிட்டது. உங்கள் ‘நான்கு மடங்குக்கும் மேல்’ என்ற கணக்கைப் படித்ததுமே எனக்கு இந்த எண்தான் நினைவுக்கு வந்தது. நீங்கள் பயன்படுத்துவது பழைய டோக்கனைசர் கொண்ட மாடலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அதனால் முதல் வேலை எண்ணுவது. விவசாயிகள் கேட்ட உண்மையான கேள்விகள் நூறையும் அவற்றின் பதில்களையும் எடுங்கள். ஓப்பன்ஏஐ மாடல்களுக்கு டிக்டோக்கன் என்ற இலவச நிரல் இருக்கிறது. யாரும் இறக்கிப் பயன்படுத்தக்கூடிய திறந்த மாடல்களின் டோக்கனைசர்களை ஹக்கிங்ஃபேஸ் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். ஒரு சொல்லுக்கு எத்தனை டோக்கன் ஆகிறது என்று மாடலுக்கு மாடல் ஒப்பிடுங்கள், ஒரு மாலைப் பொழுது போதும். மெட்டா நிறுவனத்தின் லாமா 2 மாடலின் பட்டியலில் மொத்தமே 32,000 இடங்கள். அதில் 16,000 தமிழ் டோக்கன்களைச் சேர்த்துத்தான் 2023-ல் தமிழ்-லாமா மாடல் உருவானது. லாமா 3-ல் பட்டியலே 1,28,000-ஐத் தாண்டியது. பெங்களூரு சர்வம் நிறுவனத்தின் சர்வம்-1, இந்திய மொழிகளில் சொல்லுக்கு 1.4 முதல் 2.1 டோக்கன்தான் எடுப்பதாகச் சொல்கிறது. ஆனால் டோக்கன் குறைவு என்பதற்காக மட்டும் ஒரு மாடலைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். அந்த நூறு பதில்களையும் ஒரு வேளாண் அலுவலரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே மாற்றுங்கள்.

பதில் பாதியில் நிற்பதற்குக் காரணம், அதிகபட்ச டோக்கன் வரம்பை ஆங்கிலச் சோதனையின்போது வைத்ததோடு விட்டிருப்பீர்கள். ஆங்கிலத்தில் ஒரு முழுப் பதிலுக்குப் போதுமான 300 டோக்கன், பழைய டோக்கனைசரில் தமிழுக்கு இரண்டு மூன்று வாக்கியத்துக்குத்தான் வரும். வரம்பைத் தாராளமாக உயர்த்துங்கள். நீளத்தைக் கட்டுப்படுத்த, ‘ஐந்து வாக்கியத்துக்குள் சொல்’ என்று மாடலுக்குக் கொடுக்கும் குறிப்பிலேயே எழுதுங்கள்.

கேள்விக்குறிக் கட்டமும் இதே குடும்பம்தான். ஒரு குறியீட்டின் 3 பைட்டும் ஒரே துண்டில் வரும் என்று எந்த உறுதியும் இல்லை. முதல் இரண்டு பைட் வந்தவுடனே உங்கள் நிரல் அதை எழுத்தாக்க முயன்றால் அந்தக் கட்டம்தான் வரும். எழுத்து முழுமையாகும்வரை காத்திருந்து பைட்டை எழுத்தாக்கும் டீகோடர், பைத்தான் நிரல்மொழியின் கோடெக்ஸ் தொகுப்பிலேயே இருக்கிறது.

அப்புறம், உள்ளே வரும் உரையை, ஒரே எழுத்தின் வேறு வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ‘கொ’ என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான், டோக்கனைசருக்கு வேறு வேறு. ‘ஸ்ரீ’ இதைவிடத் தொல்லை. இரண்டு வேறு மெய்யெழுத்துகளால் எழுதினாலும் ஒரே மாதிரி தெரியும், என்எஃப்சி அதைச் சேர்க்காது. நீங்களே ஒரு வரி எழுதி ஒன்றாக்க வேண்டும்.

இனி மொழிபெயர்ப்பு விஷயம். உங்கள் பகுதியில் ஒருவர் ‘மூணு மா நட்டிருக்கேன், புகையான் வந்திருக்கு, எவ்வளவு மருந்து அடிக்கணும்’ என்று கேட்பார். மா என்றால் அங்கே ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. பொதுவான மொழிபெயர்ப்பில் அது மாமரமாகிவிடலாம், மாவாகவும் ஆகிவிடலாம். புகையான் என்ற தத்துப்பூச்சி புகையாகும். நெல்லைத் தாக்கும் ஆனைக்கொம்பன் ஈ என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. வருவது மருந்தின் அளவு. போகும்போது ஒரு பிழை, திரும்பும்போது ஒரு பிழை என்று சேர்ந்தால் நட்டம் அந்த விவசாயியின் வயலில்தான் விழும். சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக இதைச் செய்யாதீர்கள்.

மாடலுக்கு நீங்கள் கொடுக்கும் நிரந்தரக் குறிப்பை மட்டும் ஆங்கிலத்தில் எழுதலாம், அதில் தவறில்லை. மா, குழி, வேலி போன்ற அளவுகளையும் பூச்சிப் பெயர்களையும் தமிழிலேயே ஒரு சிறு அகராதியாக அதில் சேருங்கள். இந்தக் குறிப்பு மாறாமல் எப்போதும் முதலில் வரட்டும். பல நிறுவனங்கள் திரும்பத் திரும்ப வரும் தொடக்கப் பகுதிக்குக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்கின்றன. பழைய உரையாடல் முழுவதையும் ஒவ்வொரு முறையும் அனுப்பாமல் கடைசி நான்கைந்து பரிமாற்றங்களோடு நிறுத்துங்கள்.

டோக்கனைசரையே எடுத்துவிடும் ஆய்வுகளும் நடக்கின்றன. 2021-ல் கூகுளின் பைட்டி5 மாடல் பைட்டுகளை நேரடியாகப் படித்தது, ஆனால் அப்படிப் படித்தால் குறியீட்டுக்கு 3 பைட் கேட்கும் தமிழின் வரி நீண்டுகொண்டே போகும். 2024 டிசம்பரில் மெட்டா ஆய்வாளர்கள் வெளியிட்ட பைட் லேட்டன்ட் டிரான்ஸ்ஃபார்மர், அடுத்த பைட்டை எளிதில் ஊகிக்க முடிகிற இடங்களில் பைட்டுகளைப் பெரிய கட்டாகச் சேர்த்துக்கொள்கிறது. ஒரு தமிழ் எழுத்தின் முதல் பைட்டைப் பார்த்துவிட்டால் இரண்டாவதை ஊகிப்பது சுலபம் என்பதால், எனக்கு இந்த வழியில் நம்பிக்கை உண்டு. உங்கள் சாட்பாட்டுக்கு இன்று அது உதவாது. நூறு கேள்விகளையும் எண்ணி முடித்ததும், மாடலின் பெயரோடு அந்தக் கணக்கை எனக்கு எழுதுங்கள். எந்த மாடலுக்கு மாறலாம் என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.