நீர்ப்பிடிப்புப் பகுதித் திட்டத்தில் ஊர் மக்கள் எதற்கு?

நீர்ப்பிடிப்புப் பகுதியை, அதாவது மழைநீர் வடிந்து ஓர் ஆற்றில் சேரும் நிலம் முழுவதையும், காக்கப் பொறியாளர்கள் திட்டம் போட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஆறு பெரும்பாலும் ஆற்றுக்குள் கெடுவதில்லை. மேட்டு வயலின் உரம், மரம் வெட்டிய சரிவின் மண், கசியும் கழிவுநீர்த் தொட்டி எல்லாம் மழையோடு இறங்கி வருகின்றன. நிலம் வைத்திருப்பவர் சம்மதிக்காவிட்டால் வரைபடம் காகிதத்திலேயே கிடக்கும்.

நியூயார்க் நகரம் 1997இல், தனக்குக் குடிநீர் வரும் கேட்ஸ்கில் மலைப்பகுதியின் ஊர்களோடு ஒப்பந்தம் போட்டது. வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிகளைச் சரிசெய்யவும், பண்ணைக் கழிவு ஓடையில் கலக்காமல் தடுக்கவும் நகரமே பணம் தந்தது. விற்க விரும்பியவர்களிடம் மட்டுமே நிலம் வாங்கியது. கீழே குடிப்பவர் மேலே காப்பவரின் செலவைப் பகிர்வதுதான் நியாயம், இல்லையா? அந்தத் தண்ணீருக்குப் பெரிய வடிகட்டும் ஆலை கட்டும் செலவும் தவிர்ந்தது.

அப்புறம் ஒன்று: நீரின் தரத்தை யார், எங்கே, எப்போது அளப்பது என்பதை முதல் கூட்டத்திலேயே எல்லோருமாக முடிவு செய்துவிடுங்கள்.