அக்னாஸ்டிக் என்றால் நாத்திகரா? அப்படியானால் ஆபீஸில் சொல்லும் 'கிளவுட் அக்னாஸ்டிக்' என்ன?

நாத்திகர் இல்லை. "கடவுள் இல்லை" என்பவர் நாத்திகர். "உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி பேசவும் மாட்டேன்" என்பவர் அக்னாஸ்டிக். உங்கள் கிளவுட் சமாச்சாரத்துக்கு அப்புறம் வருகிறேன்.

பெரும்பாலான சொற்களை முதலில் யார் சொன்னார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. இது விதிவிலக்கு. டார்வினுக்காக ஊரெல்லாம் மல்லுக்கட்டிய உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி 1869-இல் உருவாக்கியது. அந்த வருடம்தான் லண்டனில் ஜேம்ஸ் நோல்ஸ் என்பவர் மெட்டாஃபிசிக்கல் சொசைட்டி என்ற விவாத சபையைத் தொடங்கினார். கவிஞர் டென்னிசன், பிரதமர் கிளாட்ஸ்டன், கத்தோலிக்கப் பேராயர் மேனிங் என்று உறுப்பினர்கள் எல்லாம் பெரிய தலைகள். ஆளுக்கொரு கொள்கை, கொள்கைக்கொரு பெயர். ஹக்ஸ்லிக்கு மட்டும் சொல்லிக்கொள்ள ஒரு பெயர் இல்லை. பொறியில் வாலைப் பறிகொடுத்த நரி, வாலுள்ள நரிகளுக்கு நடுவே போய் நின்றது போல இருந்ததாம். 1889-இல் அவரே இப்படி எழுதியிருக்கிறார். சரி, நமக்கும் ஒரு வால் வேண்டும் என்று வைத்துக்கொண்ட பெயர்தான் இது.

ஆதித் திருச்சபைக் காலத்தில் நாஸ்டிக்குகள் என்றொரு கூட்டம் இருந்தது. விசேஷ ஞானம் தங்களிடம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டவர்கள். எனக்கு எதைப் பற்றி ஒன்றும் தெரியாதோ, அதைப் பற்றித்தான் இவர்களுக்கு இவ்வளவு தெரியுமாம் என்ற கிண்டலோடு அந்தப் பெயருக்கு முன்னால் ஓர் 'அ' போட்டார் ஹக்ஸ்லி. கிரேக்க 'க்னோசிஸ்', சமஸ்கிருதம் வழியாக நமக்கு வந்த 'ஞானம்' இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். எதிர்மறை 'அ'வும் அப்படியே. ஆக, அக்னாஸ்டிக் நம் 'அஞ்ஞானி'க்குப் பங்காளி முறை. ஆனால் மொழிபெயர்ப்பாக அதைப் போட்டுவிடாதீர்கள், வம்பு. பழைய தமிழ்க் கிறிஸ்தவ நூல்களில் அஞ்ஞானி என்றால் வேற்று மதத்தவர்.

சொல் பிறந்ததற்கு இன்னொரு கதையும் உண்டு. ஸ்பெக்டேட்டர் பத்திரிகையின் ஆசிரியர் ஆர். எச். ஹட்டன் 1881-இல் ஒரு கடிதத்தில் சொன்னது. நோல்ஸ் வீட்டு விருந்தில் ஹக்ஸ்லி இந்தச் சொல்லைச் சொன்னபோது தானும் இருந்ததாகவும், ஆதிக் கிறிஸ்தவப் போதகர் பவுல் ஏதென்ஸில் கண்ட பலிபீடத்திலிருந்து அதை எடுத்ததாகவும் எழுதினார். தமிழ் பைபிளில் 'அறியப்படாத தேவனுக்கு' என்று வருமே, அப்போஸ்தலர் 17:23, அதுதான். கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் 'அக்னோஸ்டோ' என்றே இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியின் முதல் பதிப்பு ஹட்டன் கதையைத்தான் ஏற்றுக்கொண்டது. சொல்லைப் படைத்தவர் உயிரோடு இருக்கும்போதே பக்கத்து இலைக்காரரிடம் விசாரித்திருக்கிறார்கள்! இரண்டு பேரும் பல வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதியவர்கள்தான் என்றாலும் என் ஓட்டு ஹக்ஸ்லிக்கு.

அக்னாஸ்டிக்கை மதில்மேல் பூனை என்று பலர் நினைக்கிறார்கள். ஹக்ஸ்லி கேட்டால் சண்டைக்கு வந்திருப்பார். இது ஒரு மதக் கொள்கையே அல்ல, யோசிக்கும் முறை என்பது அவர் வாதம். நிரூபிக்காத ஒன்றை நிச்சயமானது என்று காட்டிக்கொள்ளாதே, அவ்வளவுதான். அதில் இரு தரப்புக்கும் அடி விழும். டார்வினும் 1879-இல் எழுதிய கடிதத்தில், தன் மனநிலைக்கு அக்னாஸ்டிக் என்பதே பொருத்தம் என்கிறார்.

1918-இல் போர் எதிர்ப்புக்காக லண்டனின் பிரிக்ஸ்டன் சிறைக்குப் போன தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலிடம் வார்டர் மதம் என்ன என்று கேட்டார். அக்னாஸ்டிக் என்றதும், அதற்கு ஸ்பெல்லிங் கேட்டு எழுதிக்கொண்டு, "எத்தனையோ மதம் இருக்கு, எல்லாரும் கும்பிடுவது ஒரே சாமியைத்தானே" என்று பெருமூச்சு விட்டாராம். ஒரு வாரம் அதை நினைத்தே உற்சாகமாக இருந்ததாக ரஸ்ஸல் எழுதியிருக்கிறார்.

இப்போது உங்கள் ஆபீஸ். கிளவுட் என்பது அமேசான், கூகுள் போன்ற கம்பெனிகள் இன்டர்நெட் வழியாக வாடகைக்கு விடும் கம்ப்யூட்டர்கள். கிளவுட் அக்னாஸ்டிக் என்றால், எந்த கிளவுடில் ஓடுகிறோம் என்பது அந்த சாஃப்ட்வேருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அமேசானிலிருந்து தூக்கி கூகுளில் போட்டாலும் ஓடவேண்டும். 'தெரியாது' என்ற பழைய பொருள் இங்கேயும் கெடவில்லை. சேல்ஸ்காரர்கள்தான் இதை 'எங்கும் ஓடும்' என்ற விளம்பரமாக்கிவிட்டார்கள். அடுத்த மீட்டிங்கில் யாராவது இந்தச் சொல்லை எடுத்தால், டேட்டாபேஸ் எந்தக் கம்பெனியின் சர்வீஸ் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ஒரே கம்பெனியின் கிளவுடில் மட்டும் கிடைப்பது என்றால், அதை அப்படியே இன்னொன்றுக்குத் தூக்க முடியாதே!