டெக்சஸ்ல துப்பாக்கியோட அமைதி ஊர்வலம்: கேட்டதும் சொன்னதும்

டெக்சஸ்ல துப்பாக்கி உரிமைக்காக ஓப்பன் கேரி (துப்பாக்கிய மறைக்காம வெளிய தெரியிற மாதிரி கொண்டு போறது) ஊர்வலம் நடத்தணும், எங்கருந்து ஆரம்பிக்கிறதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நான் வக்கீல் இல்ல, இங்க சிட்டிசன், இந்த மாதிரி ஊர்வலங்கள்ல மார்ஷலா நின்னு கூட்டத்த பாத்துக்கிறவன். தெரிஞ்சத சொல்றேன். சட்டச் சிக்கல் வரும்னு தோணுச்சுன்னா உங்க ஊர் வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

கேள்வி: அண்ணா, உரிமைய பத்தி மேடை போட்டு பேசலாமே, துப்பாக்கிய தோள்ல மாட்டிக்கிட்டு எதுக்கு நடக்கணும்? பாக்குறவங்க பயப்பட மாட்டாங்களா?

பதில்: சில பேர் பயப்படுவாங்க தம்பி, அத இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா டெக்சஸ்ல ரைஃபிள வெளிப்படையா கொண்டு போறது ரொம்ப காலமாவே சட்டப்படி சரி, கைத்துப்பாக்கிய தான் மறைச்சு வைக்கணும்னு இருந்துச்சு, அது 2016 ஜனவரி 1ல லைசென்ஸ் இருக்கிறவங்களுக்கு மாறுச்சு, 2021 செப்டம்பர் 1ல இருந்து 21 வயசு ஆன, சட்டத்தடை எதுவும் இல்லாதவங்களுக்கு லைசென்ஸே வேணாம், ஹோல்ஸ்டர்ல (துப்பாக்கி உறையில) இருந்தா போதும். இது தானா நடக்கல. 2013 அக்டோபர்ல சான் ஆன்டோனியோ ஊர்ல அலமோங்கிற பழைய கோட்டை முன்னாடி நூத்துக்கணக்குல ஜனங்க ரைஃபிளோட கூடி, பேசிட்டு, அமைதியா கலைஞ்சு போனாங்க. அந்த மாதிரி கூட்டம்தான் எங்களுக்கு பலம். துப்பாக்கி வச்சிருக்கிறவன்னா ரவுடின்னு நெனைக்கிற அக்கம்பக்கத்து ஜனங்களுக்கு நாங்க யாருன்னு நேர்ல காட்டணும்.

கேள்வி: சார், ரைஃபிள எப்படி கொண்டு போகணும்? கையில புடிச்சிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. எல்லாமே இங்கதான் இருக்கு, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். டெக்சஸ் சட்டத்துல, மத்தவங்கள பயமுறுத்துற மாதிரி துப்பாக்கிய பொது இடத்துல காட்டினா அதுவே குற்றம். முதுகுல தொங்குறதுக்கும் நெஞ்சு முன்னாடி கை வச்சு நிக்கிறதுக்கும் வித்தியாசம் கோர்ட்ல மட்டும் இல்ல, எதிர்ல ஸ்ட்ரோலர் தள்ளிட்டு வர்ற அம்மா கண்ணுலயும் இருக்கு. எங்க ரூல் என்னன்னா ஸ்லிங் (தோள் வார்) குறுக்கால, ரைஃபிள் முதுகுல, பேரல் (குழாய்) கீழ பாக்கணும், குண்டு ஏத்துற சேம்பர் காலி, அதுல ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக் கொடி ஒண்ணு சொருகியிருக்கணும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிற போலீஸ்காரருக்கே அது பளிச்சுன்னு தெரியணும். குனிஞ்சு ஷூ லேஸ் கட்டும்போது தான் பேரல் சுத்தி பின்னாடி இருக்கிறவர் முகத்துக்கு போகும், அதனால கட்டணும்னா ஓரமா வந்து உக்காந்து கட்டுங்கன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லிடுவோம். 2020 ஜூலையில ஆஸ்டின்ல ஒரு போராட்டத்துல ரைஃபிளோட நடந்து போன ஒருத்தர, கார்ல வந்தவர் சுட்டுக் கொன்னுட்டார். பேரல் தூக்குச்சா தூக்கலயாங்கிறத சுத்தியே கேஸ் நடந்துச்சு, 2023ல கொலைக் குற்றவாளின்னு தீர்ப்பு, 2024ல கவர்னர் மன்னிப்பு குடுத்தார். யார் பக்கம் நியாயம்னு நீங்க எப்படி வேணா நெனைங்க, செத்த மனுஷன் திரும்ப வரப்போறதில்ல. அதனால தான் யாரோட கையாவது துப்பாக்கி பிடிக்கு போச்சுன்னா அந்த ஆள மார்ஷல் உடனே வீட்டுக்கு அனுப்பிடுவார், எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் சரி.

கேள்வி: ரூட் எப்படி முடிவு பண்றது? பெர்மிட் வாங்கணுமா?

பதில்: பிளாட்பாரத்துல சிக்னல மதிச்சு போனா பெரும்பாலான ஊர்ல பெர்மிட் தேவைப்படாது, ரோட்ட மறிச்சா கண்டிப்பா வேணும். எதிர்ப்பு கூட்டம் வரும், அதனால ஃபீஸ ஏத்துறோம்னு ஊர் நிர்வாகம் சொன்னா 1992ல சுப்ரீம் கோர்ட் ஃபோர்ஸித் கவுன்ட்டி கேஸ்ல சொன்னத எடுத்து காட்டுங்க, கேக்குறவங்க கோவத்துக்கு பேசுறவங்க கட்டணம் கட்ட வேண்டியதில்ல.

ரூட்ல நிறைய பேர் கோட்ட விடுறது ஸ்கூல். ஃபெடரல் சட்டப்படி ஸ்கூல சுத்தி 1,000 அடி தடை. மாநிலம் விசாரிச்சு குடுத்த லைசென்ஸ் இருந்தா விலக்கு உண்டு, ஆனா லைசென்ஸ் இல்லாம கேரி பண்றவருக்கு அந்த விலக்கு இல்ல. டெக்சஸ்ல லைசென்ஸ் வேணாம்னு ஆனதால ஜனங்க இத மறந்துடுறாங்க, அதான் லைசென்ஸ் எடுத்து வச்சிக்கங்கன்னு நான் இன்னமும் சொல்றேன். மேப் எடுத்து வட்டம் போட்டு பாருங்க, தனியார் ஸ்கூலயும் சேத்து. போஸ்ட் ஆபீஸ்னா பார்க்கிங் லாட்டுக்குள்ளயே போகாதீங்க. கோர்ட் பக்கமும் வேணாம்.

கேள்வி: 2016 டாலஸ் மாதிரி நடுவுல யாராவது சுட ஆரம்பிச்சா?

பதில்: நல்ல கேள்வி, கஷ்டமான கேள்வி. அன்னிக்கு ஜூலை 7, டாலஸ்ல ஒரு போராட்ட ஊர்வலம் நடக்கும்போது ஒருத்தன் சுட்டதுல அஞ்சு போலீஸ்காரங்க செத்தாங்க. ஊர்வலத்துல ரைஃபிளோட வந்திருந்த ஒருத்தரோட போட்டோவ சந்தேக நபர்னு போலீஸே வெளியிட்டுச்சு, அவருக்கும் சுட்டதுக்கும் சம்பந்தமே இல்ல. ஹீரோ ஆகணும்னு யாரும் துப்பாக்கிய எடுக்கக்கூடாது, மறைவா போங்க, கை தெரியிற மாதிரி வைங்க, போலீஸ் சொல்றத கேளுங்க. ஊர்வலத்துக்கு முந்தியே ஸ்டேஷன்ல போய் யார் பொறுப்பு, மார்ஷல் என்ன கலர் வெஸ்ட் போட்டிருப்பார்னு சொல்லி, போன் நம்பர் குடுத்துட்டு வாங்க.

கேள்வி: அண்ணா, நம்ம கலர்ல இருக்கிறவங்க துப்பாக்கியோட நடந்தா அதே மரியாதை கிடைக்குமா?

பதில்: எப்பவும் கிடைக்கும்னு சொன்னா பொய். 1967 மே 2ல பிளாக் பாந்தர்ஸ்ங்கிற கறுப்பின உரிமை அமைப்புக்காரங்க கலிஃபோர்னியா சட்டசபைக்குள்ள துப்பாக்கியோட போனாங்க, அந்த வருஷமே ரீகன் கவர்னரா இருந்து முல்ஃபோர்ட் சட்டத்துல கையெழுத்து போட்டு, குண்டு போட்ட துப்பாக்கிய பொது இடத்துல கொண்டு போறத நிறுத்தினார். இந்த உரிமை எல்லாருக்கும்னு சொல்ற எங்க ஆளுங்க அந்த கதைய தெரிஞ்சு வச்சிருக்கணும். தனியா நடக்காதீங்க, கூட்டத்துக்கு நடுவுல வாங்க, பக்கத்துல ஒருத்தர் வீடியோ எடுக்கட்டும்.

கேள்வி: முடிச்சிட்டு எல்லாரும் ஹோட்டல்ல சாப்பிட போலாமா?

பதில்: ரைஃபிள கார்ல வச்சு பூட்டிட்டு தாராளமா போங்க. 2014ல டெக்சஸ்ல சிலர் ரைஃபிளோட கடைக்குள்ள போய் போட்டோ எடுத்தாங்க, சிப்போட்லே ஹோட்டல் கம்பெனி அந்த வருஷமே துப்பாக்கி கொண்டு வராதீங்கன்னு அறிவிச்சுது, அப்பறம் டார்கெட் கடைக்காரங்களும். நமக்கு வேண்டியவங்களையே அந்நியமாக்கின வேலை அது. ஒரு துளி பீர் குடிச்சாலும் அன்னிக்கு துப்பாக்கி கிடையாது.

கேள்வி: வேற ஸ்டேட்ல இதே மாதிரி நடத்தலாமா?

பதில்: அப்படியே காப்பி அடிக்காதீங்க. 2020 ஜனவரி 20ல வர்ஜீனியா ரிச்மண்ட்ல சுமார் 22,000 பேர் கூடினாங்க, கேப்பிட்டல் வளாகத்துக்குள்ள கவர்னர் தடை போட்டிருந்தார், ஆயுதத்தோட வந்தவங்க வெளியவே நின்னாங்க, கைதானது ஒரே ஒருத்தங்க, அதுவும் முகத்த மூடினதுக்கு. இருந்தும் அதே வருஷம், பெர்மிட் வேண்டிய நிகழ்ச்சிகள்ல துப்பாக்கிய தடுக்க ஊர்களுக்கு அதிகாரம் குடுத்துட்டாங்க. வாஷிங்டன் ஸ்டேட்ல 2021ல இருந்து பெர்மிட் வாங்கின போராட்டத்த சுத்தி 250 அடிக்குள்ள ஓப்பன் கேரியே கூடாது. இல்லினாய்ஸ், வாஷிங்டன் டிசி எல்லாம் யோசிக்கவே வேணாம்.

கேள்வி: நான் ஹெச்1பி, ஊர்வலத்துக்கு வரலாமா?

பதில்: வரலாம், வெறுங்கையோட. கிரீன் கார்டு இருந்தா துப்பாக்கி வச்சிக்கலாம், ஆனா ஹெச்1பி மாதிரி விசால இருக்கிறவங்களுக்கு ஃபெடரல் சட்டமே தடை, ஹண்டிங் லைசென்ஸ் மாதிரி சில விலக்கு தான் இருக்கு. ஃப்ரெண்டோட ரைஃபிள ஒரு போட்டோவுக்குன்னு கூட கையில வாங்காதீங்க, அந்த ஒரு போட்டோவே ஆதாரமாகி விசாவுக்கு வேட்டு வச்சிடும். பேனர் புடிக்கவும் தண்ணி பாட்டில் குடுக்கவும் எங்களுக்கு எப்பவும் ஆள் பத்தாது, அதுக்கு வாங்க.