19ஆம் நூற்றாண்டின் ரொமான்டிக் கால பியானோ கான்செர்ட்டோக்களை (தனிக் கலைஞரும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகளை) முதன்முறையாகக் கேட்பவர் எந்த ஒலிப்பதிவிலிருந்து தொடங்கலாம்?

ருமேனியாவைச் சேர்ந்த பியானோ கலைஞர் தீனு லிபாட்டி, ஹெர்பர்ட் ஃபான் கரயான் நடத்திய ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவுடன் 1948இல் லண்டனில் பதிவு செய்த, ஜெர்மானிய இசையமைப்பாளர் ஷூமனின் ஏ மைனர் (ஒரு சுர அமைப்பு) கான்செர்ட்டோவையே நான் பரிந்துரைப்பேன். மோனோ (ஒற்றைத் தட) ஒலிதான், இரைச்சலும் சற்று உண்டு. ஆனால் கான்செர்ட்டோ என்பது தனிக் கலைஞர் விரல் வேகத்தைக் காட்டுவதற்கு ஏற்பட்டது என்று எண்ணியிருப்பவரின் எண்ணத்தை இந்தப் பதிவு முதல் சில நிமிடங்களிலேயே மாற்றிவிடும்.

தொடக்கத்தில் பியானோ வேகமாக இறங்கி வந்து நின்றதும் ஓபோ என்னும் குழல் கருவி முதன்மை மெட்டைத் தொடங்குகிறது. அதே மெட்டைத் தம் முறை வரும்போது வாசிக்கும் லிபாட்டி, ஓபோ மூச்சு விட்ட இடங்களிலேயே தாமும் விட்டு, அதற்கு மறுமொழி சொல்வதுபோல் வாசிக்கிறார். பின்னர் வேகம் தணிந்து கிளாரினெட் என்னும் இன்னொரு குழல் கருவியுடன் உரையாடும் பகுதியில் பியானோ தானாகவே பின்னுக்குச் சென்றுவிடுகிறது.

மூன்றாம் பகுதியை ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள். மும்மூன்று அடிகளாகச் செல்லும் தாளத்தில், இரண்டாவது மெட்டு வரும்போது இரு சுற்றுகளின் ஆறு அடிகளும் மூன்று இரண்டுகளாகப் பிரிவதால், வேகம் மாறாமலே தாளம் பாதியாகக் குறைந்தது போன்ற மயக்கம் ஏற்படுகிறது. இசைக்குழு நடத்துநரும் பியானோ கலைஞரும் எளிதில் பிரிந்துபோகக்கூடிய இந்த இடத்தை லிபாட்டி எந்த அழுத்தமும் காட்டாமல் கடக்கிறார்.

அடுத்து, அல்சேயோ கல்லியேராவின் நடத்துகையில் லிபாட்டி 1947இல் பதிவு செய்த, நார்வே இசையமைப்பாளர் கிரீக்கின் கான்செர்ட்டோ. ஜெர்மனியின் லைப்ஸிக்கில் மாணவராக இருந்தபோது ஷூமனின் கான்செர்ட்டோவை அவர் மனைவி கிளாரா ஷூமன் வாசிக்கக் கேட்டிருந்த கிரீக், 1868இல் தம்முடையதையும் ஏ மைனரிலேயே எழுதினார். கேட்டவுடன் கவர்வது இதுதான் என்றாலும், என் விருப்பம் ஷூமனே.

லிபாட்டி ஹாட்ஜ்கின் நோய் என்னும் நிணநீர்ப் புற்றுநோயால் 1950இல், 33 வயதில் காலமானார். அந்தச் சோகத்தைப் பதிவின் மீது ஏற்றிக் கேட்பவர்கள் பலர். அது தேவையில்லை என்பது என் கருத்து. அவர் பெயரில் விற்கப்பட்ட, இசையமைப்பாளர் ஷோப்பேனின் முதல் கான்செர்ட்டோ ஒலிப்பதிவு ஒன்று, உண்மையில் போலந்துக் கலைஞர் ஹலினா செர்னி ஸ்டெஃபான்ஸ்கா வாசித்தது என்பது 1981இல்தான் வெளிப்பட்டது. அதுவரை அதை லிபாட்டி என்றே நம்பி உருகியவர்களில் விமர்சகர்களும் உண்டு.